புகை யார் கணக்கில்?

டீசலை எரித்து ஓடுகிற லாரியை நம்பிப் பிழைக்கிறவர்கள், மின்கலத்திலோ இயற்கை வாயுவிலோ ஹைட்ரஜனிலோ ஓடுகிற வண்டிக்கு மாறுவார்களா என்கிற கேள்வியை யந்திர சாஸ்திரம் கற்றவர்களும் பொருளாதார நிபுணர்களும் தங்களுக்கே உரியதாக எடுத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு ஆகும் செலவென்ன, கடனுக்கு வட்டி என்ன, வண்டியின் ஆயுள் என்ன என்று கணக்கிட்டுப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குகளை நான் அலட்சியம் செய்யவில்லை. ஆனால் அந்தக் கேள்விக்கு அடியில் மிகப் பழைய தர்ம விசாரணை ஒன்று இருக்கிறது: ஒருவர் ஜீவனத்துக்காகச் செய்கிற தொழிலில் பிறருக்குத் தீங்கு கலந்திருக்குமானால், அந்தத் தீங்கின் பாவம் தொழிலைச் செய்கிறவரைச் சேருமா, கூலி கொடுத்துச் செய்விக்கிறவரைச் சேருமா, எங்கோ இருந்துகொண்டு அதன் பயனை நுகர்கிறவரைச் சேருமா? இந்த விசாரணையை முடிக்காமல் லாரிக்காரர் மாறுவாரா என்று கேட்பது, குற்றம் யாருடையது என்று தெரிந்துகொள்ளாமலே ஒருவரைக் கூண்டில் ஏற்றி நிறுத்துவதாகும்.

இதை நாகர்கோவிலைச் சேர்ந்த கோட்டாற்றில் இருந்துகொண்டு சிந்திப்பதற்குக் காரணம் உண்டு. தாலமி என்னும் பண்டைப் பூகோள ஆசிரியர் குறித்த கோட்டியாரா என்னும் பட்டணம் இதுவே என்று ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். சோழர் சாசனங்களில் மும்முடிச் சோழபுரம் என்ற பெயரும் இதற்கு உண்டு. அரசர்கள் படை கொண்டு வந்தார்கள், பிற்காலத்தில் சவேரியார் வேதம் கொண்டு வந்தார். ஆயினும் தலைமுறை தலைமுறையாக இவ்வூரைக் கலையாமல் வைத்திருப்பது சரக்கு மூட்டைதான். தேங்காயும் கொப்பரையும் ஏத்தன் காயும் மட்டிப் பழமும் இங்கிருந்து வெளியே போக, மிளகாய் வற்றலும் பருப்பும் கோதுமையும் வெளியிலிருந்து இங்கே வந்திறங்க, கம்போளம் என்று நாங்கள் சொல்லும் சந்தையின் கடைகள் அந்தப் போக்குவரத்தின் நடுவே உட்கார்ந்து பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன. விடியற்காலையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்து நிறுத்திய பத்துச் சக்கர லாரி, சுமட்டுக்காரர்கள் தார்ப்பாயை அவிழ்த்து மூட்டை இறக்குகிற நேரம் முழுவதும் எஞ்சினை அணைக்காமல் நிற்குமானால், அதன் புகைக்குழாய்க்கு எதிரே உள்ள சுவரில் முழங்கால் உயரத்தில் கரிய வட்டம் ஒன்று விழுகிறது. கடைக்காரர் பொங்கலுக்கு வெள்ளையடித்தால் மாசி பிறப்பதற்குள் அது மறுபடியும் தலைகாட்டிவிடுகிறது. அதே உயரத்தில், மூட்டைக்குத் தோள் கொடுப்பதற்காகக் குனிகிற சுமட்டுக்காரரின் முகமும் இருக்கிறது என்பதைச் சுவரைப் பற்றிக் கவலைப்படுகிறவர் கவனிப்பதில்லை.

டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் வஸ்து என்று உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே தீர்மானமாக வகைப்படுத்திவிட்டது. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் வாகனங்களில் லாரிகள் நூற்றுக்கு 3 தான் என்றாலும், வாகனங்கள் கக்கும் நுண்துகள் மாசில் 53 விழுக்காடு அவற்றிலிருந்தே வருகிறது என்று நிதி ஆயோக்கின் அறிக்கை கூறுகிறது. ஆகவே தீங்கு உண்டா இல்லையா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை. அது யாருடைய தீங்கு என்பதே மிச்சமிருக்கிற சந்தேகம்.

அதற்கு இந்த மண்ணின் பழைய சமயம் ஒன்று என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். நாகர்கோவில் நாகராஜா கோயிலின் தூண்களில் சமணத் தீர்த்தங்கரர்களாகிய பார்சுவநாதரும் மகாவீரரும் இன்றும் வீற்றிருக்கிறார்கள். மேற்கே சிதறால் குன்றில், ஒன்பதாம் நூற்றாண்டு ஆய் மன்னனாகிய வரகுணன் காலத்தில் சமணத் துறவிகள் தங்கித் தவம் புரிந்த பாறைக் கோயில், பின்னாளில் பகவதி கோயிலாகி இப்போதும் நிற்கிறது. இந்த மண்ணுக்கு ஒரு காலத்தில் வீட்டுத் தர்மமாக இருந்த அந்தச் சமயம், இல்லறத்தாருக்கு விலக்கிய தொழில்கள் என்று பதினைந்தை எண்ணிச் சொல்லுகிறது. 12-ஆம் நூற்றாண்டில் கூர்ஜர தேசத்து ஹேமசந்திரர் தமது யோகசாஸ்திரத்தில் அவற்றை ஒவ்வொன்றாக விளக்குகிறார். பட்டியலின் முதலில் வருவது கரி சுடுதல் முதலாக நெருப்பை வளர்த்துச் செய்யும் ஜீவனம். சற்றுத் தள்ளி, வண்டி செய்து விற்கும் ஜீவனம். அதற்கு அடுத்ததாக, வண்டியும் மிருகமும் கொண்டு பிறர் சரக்கைக் கூலிக்குச் சுமக்கும் ஜீவனம். அங்காரம், சகடம், வாடகை ஆகிய இம்மூன்றும் ஒன்றாய்த் திரண்டு ஒரே உருவம் எடுத்திருப்பதாகச் சொல்லத்தக்க வஸ்து ஒன்று உண்டானால் அது டீசல் லாரிதான். எண்ணூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னால், எஞ்சினைக் கனவிலும் கண்டிராத ஒருவர், லாரித் தொழிலை மூன்று தனித்தனிக் காரணங்களால் விலக்கிவைத்துவிட்டார் என்பது வியப்பாக இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு சங்கடம். விலக்கப்பட்ட தொழிலைத் தாம் செய்யாமல் ஒதுங்கிய சமண வணிகர், வணிகத்தை விட்டு ஒதுங்கினாரா? இல்லை. மாணிக்கமும் துணியும் தானியமும் ஊர்விட்டு ஊர் போய்க்கொண்டுதான் இருந்தன. மாடு வைத்திருந்த வேறொருவர் அவற்றை இழுத்துக்கொண்டு போனார். பாவம் என்று அஞ்சி நாம் விட்ட தொழிலை மற்றொருவர் செய்ய, அவர் கொண்டுவந்து இறக்கிய சரக்கை லாபத்துக்கு விற்பவருக்கு அந்தப் பாவத்தில் பங்கில்லை என்று சொல்வதற்கு, தர்ம சாஸ்திரத்தைக் காட்டிலும் வேறொரு சாமர்த்தியம் வேண்டும். இந்தச் சங்கடத்தை வள்ளுவர் கண்டுகொண்டிருக்கிறார். அவர் எந்தச் சமயத்தவர் என்ற வழக்கை இங்கே எடுக்கவேண்டாம். புலால் மறுத்தல் அதிகாரத்தில் அவர் கசாப்புக்காரரை நோக்கி விரலை நீட்டாமல், காசு கொடுத்து வாங்குகிறவரை நோக்கித் திருப்புகிறார் என்பதே நமக்கு வேண்டியது. வாங்குவாரின்றி விற்பாரில்லை என்கிற அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டால், கொலைக்கு ஆதி காரணம் கத்தி பிடித்த கையன்று, இலை போட்டு உட்கார்ந்திருக்கிற வாய். புகைக்கும் இந்த நியாயத்தைப் பொருத்திப் பார்க்கலாம் என்றுதான் நினைக்கிறேன்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் பகவத் கீதையின் பதினெட்டாவது அத்தியாயம் இருக்கிறது. தனக்கு இயல்பாக அமைந்த கர்மம் குற்றமுடையதானாலும் அதைக் கைவிடலாகாது என்றும், எந்த முயற்சியும் ஏதேனும் ஒரு தோஷத்தால் சூழப்பட்டே இருக்கும் என்றும் உபதேசிக்கிற இடத்தில், அதற்குக் கண்ணபிரான் எடுத்துக்காட்டுவது நெருப்பையும் புகையையுமே. லாரிக்காரருக்கு இதைவிட அனுகூலமான சாட்சி கிடைக்காது. ஆயினும் அந்த உபதேசம் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை மறக்கலாகாது: கடமையை விட்டு ஓடப் பார்த்தவனுக்குச் சொல்லப்பட்டது, கடமையைக் கவனமின்றிச் செய்கிறவனுக்குச் சலுகையாகச் சொல்லப்பட்டதன்று. தோஷமில்லாத தொழில் இல்லை என்பதனால் எல்லாத் தோஷங்களும் சமம் என்று ஆகிவிடாது; தவிர்க்க முடியாத புகை ஒன்று, தவிர்க்கக்கூடிய புகை மற்றொன்று. தத்துவார்த்த சூத்திரம் செய்த உமாசுவாதி இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது, அஜாக்கிரதையினால் உயிருக்கு விளைக்கும் கேடு என்று அஜாக்கிரதையையே முன்னால் நிறுத்துகிறார். தொழிலின் குற்றத்திலிருந்து தொழிலாளியின் குற்றத்தைப் பிரித்தறிவதற்கு இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

அந்த அளவுகோலைக் கொண்டு நம்முடைய லாரியை அளந்து பார்ப்போம். 2020 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து நாடு முழுவதும் விற்கப்படும் புதிய வண்டிகள் பி.எஸ். 6 விதிக்கு உட்பட்டவை. டீசலில் உள்ள கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. புகைக்குழாயில் கரித்துகளைப் பிடித்து எரிக்கும் வடிகட்டி வந்தது. நைட்ரஜன் ஆக்சைடுகளைச் செயலிழக்கச் செய்வதற்காக யூரியாக் கரைசல் ஊற்றும் தனித் தொட்டியும் வந்தது. அந்தக் கரைசலை ஆட்புளூ என்றும், டிரைவர்கள் பேச்சில் வெறுமனே யூரியா என்றும் சொல்லுவார்கள். இதுவரை நல்லது. ஆனால் யூரியாச் செலவை மிச்சம் பிடிப்பதற்காகச் சிறு கருவி ஒன்றை ஒயரில் இணைத்து, ஊற்றாததை ஊற்றியதாக எஞ்சினின் கணினியை நம்பவைக்கிற வித்தையும் கூடவே வந்துவிட்டது. புகைச் சான்றிதழை வண்டியைக் காட்டாமலே வாங்குவது அதைவிடப் பழைய வித்தை. இவையும், மூட்டை இறங்கும் ஒரு மணி நேரமும் எஞ்சினை ஓடவிடுகிற வழக்கமும், வாழைக்குலைக்கும் கொப்பரைக்கும் ஊழியம் செய்கிற நிர்ப்பந்தத்தால் விளைவன அல்ல. இவ்விஷயத்தில் லாரிக்காரருக்காக வாதாட எனக்கு மனமில்லை. இந்தப் பாவம் முழுவதும் அவர் பெயரிலேயே பற்று எழுதத்தக்கது.

யந்திரத்தையே மாற்றுவது வேறு விஷயம். அதை அறியக் கோட்டாற்றுச் சாலையின் சரித்திரத்தைச் சற்றுப் பார்க்கவேண்டும். கோட்டாறு திருவிதாங்கூர் ராஜ்யத்தைச் சேர்ந்திருந்த காலத்தில், 1938 பிப்ரவரி 20-ஆம் தேதி, சித்திரைத் திருநாள் மகாராஜா அரசாங்கப் போக்குவரத்து இலாகாவைத் தொடங்கிவைத்தார். அந்த பஸ்களுக்காக இங்கிலாந்திலிருந்து வருவித்த காமர் சாஸிகளில் இருந்தவை பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின்கள். இலாகா எடுத்துக்கொண்ட முதற் பாதைகளுள் ஒன்று திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் வழியாகக் கன்னியாகுமரிக்கு வருவது. அன்றைக்கு டீசல்தான் மாற்று எஞ்சின்! பெட்ரோலில் ஓடிக்கொண்டிருந்த சாலைக்கு அது நவநாகரிகமாக வந்து சேர்ந்தது. ஓரிரு ஆண்டுகளில் யுத்தம் மூண்டு, பெட்ரோலுக்கு ரேஷன் வந்தபோது, தென்னாட்டு பஸ் முதலாளிகள் வண்டியின் பின்புறத்தில் கரி அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிவாயுவில் ஓட்டினார்கள். விடியுமுன் கிளீனர் எழுந்து ஊதியைச் சுழற்றி வாயு கிளப்பவேண்டும். மேட்டில் வண்டி திணறினால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டும். பிறகு 1954-இல் டாட்டா பென்ஸும், எண்ணூரிலிருந்து லேலண்டும் வந்து, லாரி என்றாலே டீசல் என்றாயிற்று. இத்தனை மாற்றங்களில் ஒன்றாவது ஓட்டுகிறவரின் மனச்சாட்சியால் நிகழ்ந்ததா? ஒன்று அரசன் ஆணையால் வந்தது, ஒன்று யுத்தத்தால் வந்தது, ஒன்று லாபத்தால் வந்தது. நம் காலத்தில் டில்லி நகரத்து பஸ்கள் டீசலை விட்டு இயற்கை வாயுவுக்கு மாறியதும், 1998 ஜூலையில் சுப்ரீம் கோர்ட் பிறப்பித்த உத்தரவு தவணை தவணையாக இழுத்தடிக்கப்பட்டு 2002-ஆம் ஆண்டின் முடிவில் நிறைவேறியதால்தான்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ருடால்ஃப் டீசலின் எஞ்சின் 1900-ஆம் ஆண்டு பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடிக் காட்டப்பட்டது. மண்ணுக்கடியில் உறங்கிய எண்ணெயை எரித்தே தீரவேண்டும் என்பது அந்த யந்திரத்தின் பிறவிக் குணமன்று. அது மலிவாகக் கிடைத்ததனால் ஒட்டிக்கொண்ட பழக்கம். யந்திரத்துக்குச் சுவதர்மம் கிடையாது. அதை வைத்திருக்கிறவருக்குக் கடன் தவணை மட்டும் உண்டு.

கம்போளத்துப் பக்கம் இரண்டு வண்டி வைத்திருக்கிற ஒருவரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் சொன்னது: "அண்ணாச்சி, கரண்ட் வண்டி வேண்டாம்னு நான் சொல்லல. ஒரு வண்டிக்கு இன்னும் டியூ முடியல்ல. பழ லோடு ஏத்திக்கிட்டுப் போறேன், மதுரை தாண்டி எங்கியாவது சார்ஜு எறங்கிப்போச்சு, வண்டி நாலு மணி நேரம் நிக்கி. காய் பழுத்துப் போச்சுன்னா அந்தக் காசு யாரு தருவா? ஏவாரி தருவாரா?" இந்தக் கேள்விக்குப் பொருளாதார நிபுணர்களிடம் விடை உண்டு: சுமை குறைந்த வழித்தடத்தில் தொடங்கலாம், சார்ஜ் நிலையங்கள் வரும், மத்திய சர்க்காரின் பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் பழைய லாரியை உடைத்த சான்றிதழ் கொண்டுவருகிறவருக்கு ஒரு வண்டிக்கு அதிகபட்சம் ரூ. 9.6 லட்சம் வரை உதவி உண்டு என்பார்கள். எல்லாம் மெய். ஆனால் மின்சார லாரியின் விலை டீசல் லாரியின் விலையைப்போல் இரண்டு மூன்று மடங்கு. மின்கலத்தின் எடை ஏற்றக்கூடிய சரக்கின் எடையைத் தின்றுவிடுகிறது. நம் நாட்டில் லாரி வைத்திருப்பவர்களிற் பெரும்பாலோர் ஐந்து வண்டிக்கு மேற்படாத சிறு முதலாளிகள். "யாரு தருவா" என்று அவர் கேட்டது பொருளாதாரக் கேள்வியைப்போல் ஒலித்தாலும், நான் முதலில் எழுப்பிய தர்மக் கேள்வியும் அதுவே.

புனிதர்கள் இப்படிக் கேட்பதில்லை என்பது உண்மை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, அதற்காகச் சித்திரவதைப்பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுடப்பட்டு மாண்ட தேவசகாயம் பிள்ளையின் உடல் அடக்கமாகியிருப்பது கோட்டாற்றுச் சவேரியார் கோயிலில்தான். மாறுவதென்றால் என்ன என்பதற்கு அதைவிடப் பெரிய உதாரணம் இவ்வூருக்கு வேண்டியதில்லை; 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவருக்குப் புனிதர் பட்டம் கிடைத்தபோது இவ்வூர் கொண்டாடியது. ஆனால் எல்லாரும் புனிதராகவேண்டும் என்று விதித்த சமயம் எதுவும் நிலைத்ததில்லை. சமணர் துறவிக்கு மகாவிரதத்தையும் இல்லறத்தானுக்கு அணுவிரதத்தையும் விதித்தார்கள். இரண்டும் ஒரே அகிம்சைதான், சுமக்கிற தோளுக்குத் தக்கபடி பாரம் குறைக்கப்பட்டது. 2015-ஆம் ஆண்டில் போப் பிரான்சிஸ் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' என்னும் சுற்றுமடலும், நிலக்கரியையும் பெட்ரோலிய எண்ணெயையும் தாமதமின்றிப் படிப்படியாக விட்டு விலகவேண்டும் என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, மாற்றுச் சக்தி எல்லாருக்கும் எட்டும் வரையில் தீங்கு குறைந்ததைத் தேர்ந்துகொள்வது நியாயமே என்று இடமும் விடுகிறது. சிலருக்கு இது தளர்வாகப் படலாம். எனக்கு இது இல்லறத்தின் இயல்பை அறிந்த தயவாகப் படுகிறது. தவணைக் கடனில் இருக்கிற மனிதரிடம் மகாவிரதத்தைக் கேட்பது உபதேசமாகாது.

மின்சார லாரி வந்துவிட்டால் பாவம் தீர்ந்ததா என்பதையும் பார்த்துவிடவேண்டும். கோட்டாற்றிலிருந்து வடக்கே போகிற லாரிகள் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்ததும் முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் நின்று, சூடன் கொளுத்தி வணங்கிவிட்டுத்தான் மேலே போகும். புதிய வண்டியானால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கும். அந்தக் கோயிலைச் சுற்றிக் கண்ணுக்கு எட்டின தூரம் வரை காற்றாலைகள். தென்மேற்குப் பருவக் காற்று கணவாயின் வழியே பாய்கிற மாதங்களில் அவை உண்டாக்கும் மின்சாரத்தின் அடியிலேயே டீசல் லாரி புகை விட்டுக்கொண்டு போகிற காட்சியைப் பார்த்து, இதென்ன அறியாமை என்று எரிச்சல் கொள்ளாதவர் இருக்கமாட்டார்கள். ஆயினும் காற்று ஓய்கிற மாதங்களில் அதே கம்பியில் வருவது பெரும்பாலும் தூத்துக்குடியில் எரிக்கிற நிலக்கரியும் நெய்வேலியில் எரிக்கிற பழுப்பு நிலக்கரியும்தான். கம்போளத்துச் சுவரிலிருந்து புகை நீங்கித் தூத்துக்குடிக் கடற்கரைக்குப் போனால், கம்போளத்துக்காரருக்கு அது லாபம். தர்ம தேவதைக்கு அது இடமாற்றம். இதைச் சொல்லி மின்சார வண்டியே வேண்டாம் என்பாரோடு நான் சேரமாட்டேன். மின் எஞ்சின் சக்தியை வீணாக்குவது குறைவு. கம்பியில் வரும் மின்சாரத்தை நாளடைவில் சுத்தமாக்கிக்கொள்ளலாம், டீசலை அப்படிச் சுத்தமாக்க முடியாது. ஆனால் யந்திரத்தை மாற்றியதும் கை கழுவிக்கொள்ளலாம் என்கிற அவசரம்தான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த அவசரத்துக்கு மருந்தாக இன்னொரு காட்சியும் இம்மாவட்டத்தில் உண்டு. கல்லும் ஜல்லியும் எம்சாண்டும் ஏற்றிய கனரக டிப்பர்கள் களியக்காவிளை வழியாகக் கேரளத்துக்கு வரிசை வரிசையாகப் போய்க்கொண்டிருக்கின்றன. மேற்கு மலைத்தொடரின் அடிவாரத்துக் குன்றுகள் உடைந்து உடைந்து கட்டடமாகவும் துறைமுகமாகவும் அங்கே எழும்புகின்றன. இதைப் பற்றி ஊரில் நடந்த மறியல்களும் நேரக் கட்டுப்பாடுகளும் எல்லாரும் அறிந்தவை. அந்த டிப்பர்கள் அனைத்தும் நாளைக் காலையில் புகையற்ற மின்சார டிப்பர்களாக மாறிவிடுவதாக வைத்துக்கொள்வோம். மலை திரும்பி வருமா? ஹேமசந்திரரின் பட்டியலில் சகடத்துக்கும் வாடகைக்கும் அடுத்தபடியாகப் பூமியைத் தோண்டி உடைக்கும் தொழில் தனியே வைக்கப்பட்டிருக்கிறது. எப்படிச் சுமக்கிறோம் என்பது ஒரு விசாரணை, எதைச் சுமக்கிறோம் என்பது வேறு விசாரணை என்று அவர் அறிந்திருந்தார். மாற்று எஞ்சினைப் பற்றிப் பேசுகிற நாம் முதல் விசாரணையிலேயே திருப்தி அடைந்துவிடுகிறோம்.

இப்போது வாங்குகிறவரிடம் வருவோம். வள்ளுவரின் நியாயத்தை நம் காலத்துப் பொருளாதாரமாக எடுத்துச் சொன்னவர் தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா. கடையில் நாம் வாங்குகிற கோக்கோ எங்கோ ஆப்பிரிக்கக் கரையில் அடிமையின் உழைப்பால் விளைந்திருக்குமானால், அந்த அடிமைத்தனத்தில் நமக்கும் பங்குண்டு என்றும், ஒரு பொருளின் பூர்வோத்தரத்தை அறியாமல் வாங்குவது அதன் பாவத்தையும் சேர்த்து வாங்குவதே என்றும் அவர் வாதித்தார். 1945-இல் வெளிவந்த 'நிலைத்த பொருளாதாரம்' என்னும் நூலில், எடுக்க எடுக்கக் குறைகிற நிலக்கரி, பெட்ரோலியம் போன்ற தேக்கங்களை நம்பிய வாழ்வு வன்முறையில் கொண்டுபோய் விடும் என்றும், நீரையும் காற்றையும்போல ஓடிக்கொண்டே இருக்கிற வளங்களை நம்பிய வாழ்வு அமைதிக்கு வழி என்றும் எழுதியவரும் அவரே. காற்றாலைகள் முப்பந்தலுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே எழுதப்பட்ட வாக்கியம் அது.

அவர் கணக்குப் பரீட்சையில் தேர்ந்த ஆடிட்டர். ஆதலால் நாமும் ஒரு கணக்குப் போடலாம். கோட்டாற்றிலிருந்து சென்னைக்குச் சுமார் 700 கிலோமீட்டர். 18 டன், அதாவது ஐம்பது கிலோ மூட்டையாக 360 மூட்டை ஏற்றிய பத்துச் சக்கர லாரி லிட்டருக்கு நான்கு கிலோமீட்டர் கொடுத்தால், போய்ச் சேர 175 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் எரிந்தால் ஏறத்தாழ 2.7 கிலோ கரியமில வாயு. ஆக மூட்டை ஒன்றுக்கு அரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான டீசலும், 1.3 கிலோ வாயுவும் பங்கு விழுகின்றன. சென்னையில் ஒரு குடும்பத்தார் நாஞ்சில் நாட்டுத் தேங்காயோ கொப்பரையோ ஒரு கிலோ வாங்கினால், அந்த ஒரு கிலோவுக்காகச் சாலையில் எரிந்தது பத்து மில்லி. ஒரு சங்கு நிறையக் குழந்தைக்கு மருந்து புகட்டுகிற அளவு. பாவம் இவ்வளவு சிறிதாகப் பிரிந்துபோகிறபடியால்தான் யாருக்கும் உறுத்துவதில்லை. பிரியாமல் முழுசாக இருக்கிற இடம் இரண்டே: புகைக்குழாயின் வாய், லாரிக்காரரின் பெயர்.

பிரிந்துபோன சிறு பங்குகளை மறுபடியும் ஒன்றுசேர்க்கிற ஏற்பாடு ஒன்று தென்னாட்டு வணிகரிடம் பரம்பரையாகவே இருக்கிறது. அதற்கு மகமை என்று பெயர். வந்திறங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு காசு என்று வியாபாரிகள் தங்களுக்குள்ளே விதித்துக்கொண்டு, கோயிலுக்கும் சத்திரத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் செலவிட்ட பொது நிதி அது. சர்க்கார் விதித்த வரியன்று, பிச்சையுமன்று. காமராஜர் படித்த விருதுநகர் சத்திரிய வித்யாசாலை இப்படி மகமையாலும் வீட்டுக்கு வீடு சேர்த்த பிடி அரிசியாலும் வளர்ந்தது. 1969-இல் நாகர்கோவில் தொகுதி மக்கள் தங்கள் பிரதிநிதியாகப் பார்லிமெண்டுக்கு அனுப்பிய அந்தக் காமராஜருக்கு எழுத்தறிவித்தது, ஏதோ ஒரு மூட்டையின் மேல் விழுந்த காலணா. லாபத்தில் தர்மத்துக்கும் பங்குண்டு என்பதை வேதாந்தமாகப் பேசாமல் பேரேட்டில் ஒரு பத்தியாக எழுதிவிட்டவர்கள் நம் முன்னோர்.

புகைக்கும் மகமை வைக்கலாம் என்பதே நான் சொல்ல வந்தது. மூட்டைக்கு ஐந்து ரூபாய் என்றால் 360 மூட்டைக்கு 1,800 ரூபாய். மாதம் எட்டு நடை போகிற லாரிக்கு வருஷத்தில் ஒன்றே முக்கால் லட்சத்தை நெருங்கும். மின்சார லாரியின் அதிக விலையை இது ஒன்றே ஈடுகட்டாது என்பது எனக்குத் தெரியும். ஆனால் சர்க்கார் உதவியும், மிச்சமாகும் டீசல் செலவும், பத்து வருஷத்து மகமையும் சேர்ந்தால், தவணைக் கடனில் இருக்கிறவரும் யோசித்துப் பார்க்கத்தக்க தொகை ஆகிவிடும். சென்னைப் பாதையில் இன்றைக்கே தொடங்கவேண்டியதில்லை. திருவனந்தபுரம் சுமார் 65 கிலோமீட்டர். திருநெல்வேலி சுமார் 80. காலையில் போய் மாலையில் திரும்பி, இரவில் கம்போளத்துக்குப் பின்னால் சார்ஜ் ஏறக்கூடிய தூரங்கள் இவை. வழியில் வண்டி நின்று காய் பழுத்துவிட்டால் நஷ்டத்தில் பாதியை மகமை நிதியே தாங்கும் என்று எழுதி வைத்தால், "யாரு தருவா" என்று கேட்டவருக்கு முதன்முறையாக ஒரு விடை கிடைக்கும்.

பணத்தை யார் வைத்திருப்பது, வெளியூர் வியாபாரி கொடுக்க மறுத்தால் என்ன செய்வது, யூரியாத் தொட்டியை ஏமாற்றுகிற வண்டிக்கும் பங்கு உண்டா என்று சண்டை வரும். வரட்டும், கோயில் மகமைக்கும் வந்ததுதான். கடைசியில் சொன்னதற்கு மட்டும் என் தீர்ப்பு, கூடாது என்பது: கவனமின்மையின் பாவத்தைப் பொது நிதி சுமக்கலாகாது. மற்றபடி வியாபாரிகளை நான் வேண்டிக்கொள்வது ஒன்று. அந்த ஐந்து ரூபாயைச் சரக்கின் விலைக்குள்ளே கலந்து மறைத்துவிடாமல், பில்லில் 'புகை மகமை' என்று தனி வரியாகவே போடவேண்டும். ஐந்து ரூபாய் கூடிவிட்டதே என்று வாங்குகிறவர் முணுமுணுத்தால், அவருக்குப் பதில் சொல்லுகிற வேலை டிரைவருடையதாக இராமல் கல்லாவில் இருக்கிறவருடையதாக இருக்கும்.